பன்னிரண்டு இஞ்சு மெஷினுக்குப் பதிலாகப் பத்து இஞ்சு மெஷின் வந்த விவரம்

என் பெயர் ராஜபாய். வயது 46. கணவர் பெயர் ராஜையன், மரவேலை ஆசாரி. சொந்த ஊர் பாறசாலை. தற்சமயம் கழக்கூட்டத்தில் ரயில் பாதைக்கு மேற்கே ஓட்டு வீட்டில் வாடகைக்குக் குடியிருக்கிறோம். என் கணவர் செய்யும் மரச்சாமான்களுக்கு உப்புத்தாள் தேய்த்து பாலிஷ் போடுவது என் வேலை. எனக்கு மலையாளம் பேச வரும், வாசிக்க வராது. ஆகையால் நான் தமிழில் சொல்வதை இந்த நிலையத்துத் தலைமைக் காவலர் வெங்கடேஸ்வரன் அவர்கள் தமிழிலேயே எழுதுகிறார். இன்று 2003ஆம் வருடம் ஆகஸ்ட் மாதம் 11ஆம் தேதி, திங்கட்கிழமை.

எங்களோடு வேலை செய்யும் சொரிமுத்து என்பவரைக் களவு செய்ததாக இன்று காலை இங்கே கொண்டுவந்து உட்கார வைத்திருப்பது அறிந்து நானாகவே வந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

கம்ப்யூட்டர் கம்பெனிகள் வந்த பிறகு கட்டிவரும் நான்கு மாடி அடுக்கு வீட்டில் கதவு, நிலை, சுவரின் அடியில் ஓடும் ஸ்கர்ட்டிங் பலகை ஆகிய வேலைகளை என் கணவர் எடுத்திருக்கிறார். அங்கே இன்னும் லிஃப்ட் வைக்கவில்லை. மூலைக்கு மூலை பலகையைச் சாய்த்து வெட்டிப் பொருத்த வேண்டியிருப்பதால் மைட்டர் மெஷின் வாங்குவதென்று முடிவு செய்தோம். அது வட்ட பிளேடை மேலிருந்து கீழே இறக்கி, அடியிலுள்ள மேசையைத் திருப்பி, வேண்டிய சரிவில் மரத்தை வெட்டுகிற மெஷின். பிளேடின் அளவைக் கொண்டு பத்து இஞ்சு, பன்னிரண்டு இஞ்சு என்று சொல்வார்கள். நான் பத்து போதும் என்றேன். என் கணவர், “எடி, பெரிசு இருந்தா சின்ன மரத்தையும் முறிக்கலாம். சின்னதை வச்சிட்டு பெரிய மரத்தை முறிக்க ஒக்குமா?” என்று கேட்டார். அவர் சென்ற மாதம் சாலை என்ற கடைவீதியில் பன்னிரண்டு இஞ்சு வாங்கி வந்தார்.

என் கணவருக்கு வலது தோள் சரியில்லை. மூன்று வருடத்துக்கு முன்பு பொன்முடியில் ஒரு எஸ்டேட் பங்களாவுக்குக் கூரைக்கு அடியில் பலகைத் தட்டு அடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்தார். அதன் பிறகு அந்தக் கை தோளுக்கு மேலே போகாது. இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமும் சொன்னதில்லை. காலையில் சட்டை போடும்போது வலது கையை நான் பிடித்து உள்ளே விடுவேன். அந்த நேரம் அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு நேற்று மழை பெய்ததா என்று கேட்பார். நானும் பெய்தது, பெய்யவில்லை என்று சொல்வேன். தலையை இடது கையால் வாருவதால் வகிடு கோணிப் போகும். ஞாயிறு ஆராதனைக்குக் கோயிலில் பாட்டுப் பாட எழுந்து நிற்கும்போது பின்னால் இருந்து அதைப் பார்ப்பேன். திருத்தினது கிடையாது.

அந்தப் பன்னிரண்டு இஞ்சு மெஷின் ஒரு ஆட்டுக் கிடாய் கனம் இருக்கும். அதை அவர் மாடிக்கு மாடி தாமே தூக்குவார். சொரிமுத்து கை நீட்டினால், “எனக்க மெஷினை நான் எடுத்துக்கிடுவேன், நீ உன் சோலியைப் பாரு” என்று விரட்டுவார். இரண்டு படிக்கு ஒருமுறை கைப்பிடிச் சுவரில் மெஷினை வைத்துவிட்டுக் கட்டட வேலையைக் குறை சொல்வது போல நின்று மூச்சு வாங்குவார். போன வாரம் மூன்றாம் மாடிப் படியில் அவர் கை திடீரென்று விட்டுவிட்டது. மெஷின் பின்னுக்குச் சரிந்தது. கீழ்ப்படியில் வந்துகொண்டிருந்த சொரிமுத்து நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். என் கணவர், “படியில சிமெண்ட் சரியா பூசல” என்றார். சொரிமுத்து, “ஆமாண்ணே, வழுக்கத்தான் செய்யுது” என்றார். நான் கீழே நின்று பார்த்தேன். படி காய்ந்துதான் கிடந்தது.

அதன் பின்பு, இனி இவரிடம் பேசிப் பயன் இல்லை, மெஷினை மாற்றிவிட வேண்டும் என்று தீர்மானித்தேன். வெள்ளிக்கிழமை என் கணவர் அவருடைய தங்கை வீட்டுக் காரியமாகப் பாறசாலைக்குப் போனார். செவ்வாய்க்கிழமைதான் வருவேன் என்று சொல்லியிருந்தார். சனிக்கிழமை நான் சொரிமுத்துவிடம் விவரம் சொல்லி, மெஷினை ஆட்டோவில் ஏற்றித் தரும்படி கேட்டேன். அவர் தயங்கினார். “அண்ணன்கிட்ட நான் என்னக்கா சொல்ல?” என்றார். “நீ ஒண்ணும் சொல்லண்டாம். அண்ணன்கிட்ட நான் சொல்லுவேன். நான் சொல்லுறது வரைக்கும் யாரு கேட்டாலும் வாயைத் திறக்கப்படாது” என்று சொன்னேன். அவர் சரி என்றார். அவர் மெஷினைப் பெட்டியில் வைத்துத் தூக்கிவந்து ஆட்டோவில் வைத்ததைக் கட்டடத்து வாட்ச்மேன் பார்த்திருக்கிறார். நான் முக்குக் கடையில் நின்று ஏறிக்கொண்டதால் என்னைப் பார்க்கவில்லை.

அதன் பின்பு சாலைக் கடைவீதிக்குப் போனேன். என் கணவர் மெஷின் வாங்கின அதே கடையில் ஆர்ஷா என்ற பெண் இருந்தாள். எங்கள் வேலையில் வருகிற மரத்துண்டுகளை ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுபோயிருந்தேன். அவள் சிரித்துவிட்டு, காட்சிக்கு வைத்திருந்த பத்து இஞ்சு மெஷினில் கரண்ட் இல்லாமல் ஒவ்வொன்றாக வைத்து பிளேடை இறக்கிக் காட்டினாள். நிலைச் சட்டத் துண்டு நேராக வைத்தபோது முழுதும் அடங்கியது. கதவைச் சுற்றி அடிக்கும் பட்டை மேசையைத் திருப்பின பிறகும் அடங்கியது. திருப்பினால் வெட்டும் அகலம் குறையும் சேச்சி, அதனால் சரித்து வைத்துத்தான் அளவு பார்க்க வேண்டும் என்று சொன்னாள். ஸ்கர்ட்டிங் பலகையும் அடங்கியது. மாடிப்படிப் பலகை மட்டும் அடங்கவில்லை, கொஞ்சம் மிச்சம் நின்றது. அதை அவள் மறைக்கவில்லை. “கூரைக்கு கைமரமும் உத்தரமும் முறிக்கிறவங்களுக்கு பன்னிரண்டு வேணும் சேச்சி. உங்களுக்கு பத்து தாராளம், கேட்டோ” என்றாள். படிப் பலகை எப்போதாவது வருவது. அதைக் கைவாளால் அறுத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

இருந்தும் என் மனம் நிற்காமல், அதைத் தூக்கிப் பார்க்கலாமா என்று கேட்டேன். கடைக்குள் குடோனுக்குப் போகும் படி இருந்தது. பத்து இஞ்சைத் தூக்கிக்கொண்டு மேலே போய்க் கீழே வந்தேன். நானே போய் வந்தேன் என்றால் அவர் போவார். ஆர்ஷா எனக்கு ஸ்டூல் போட்டுக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தாள். மாற்றித் தருகிறோம், புதுப்பெட்டி திங்கட்கிழமைதான் வரும் என்றதால் பழைய மெஷினை அங்கே விட்டுவிட்டு, விலை வித்தியாசத்துக்குப் பல் நெருக்கமான பிளேடு ஒன்று எடுத்துத் தரச் சொல்லிவிட்டு வந்தேன்.

என் கணவர் சொன்ன நாளுக்கு முன்பே இன்று காலை வந்துவிட்டார். நான் அப்போது புது மெஷினை வாங்கச் சாலைக் கடைக்குப் போயிருந்தேன். அவர் நேரே கட்டடத்துக்குப் போய், மெஷினைக் காணாமல் இங்கே வந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். யார் பேரையும் அவர் சொல்லவில்லை என்றும், சொரிமுத்து பேரைச் சொன்னது வாட்ச்மேன் என்றும், “அவன் எடுக்க மாட்டான்” என்று என் கணவர் சத்தம் போட்டார் என்றும், பிறகு ஒரு காவலரைக் கூட்டிக்கொண்டு பழைய சாமான் கடைகளில் தேடப் போனார் என்றும் இங்கே வந்தபின் அறிந்தேன். நான் மெஷினோடு கட்டடத்துக்கு வந்து இறங்கியபோது வாட்ச்மேன் விஷயம் சொன்னார். அதே ஆட்டோவில் இங்கே வந்தேன்.

சொரிமுத்து பெஞ்சில் இருந்தார். “எடுத்தது நான்தான், களவு இல்லை” என்று சொன்னதற்கு மேல் அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்று உதவி ஆய்வாளர் சொன்னார். சாயா வாங்கிக் கொடுத்ததையும் குடிக்கவில்லையாம். என்னைக் கண்டதும், “வந்துட்டீங்களாக்கா, அண்ணன்கிட்ட சொல்லியாச்சா?” என்று கேட்டார். எனக்கு அழுகை வந்தது. அதை எழுத வேண்டியதில்லை என்றேன். தலைமைக் காவலர் எழுதிவிட்டார்.

இவ்வளவும் சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் கணவர் திரும்பி வந்தார். வாசலில் நின்று கடைசிப் பாகத்தைக் கேட்டிருக்கிறார். அதன் பின்பு நடந்ததையும் சேர்த்து எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அவர் என்னிடம் வரவில்லை. சொரிமுத்து பக்கத்தில் போய் உட்கார்ந்து, “எலே, வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்தே? சொல்லப்படாதா?” என்றார். “அக்கா சொல்லச் சொல்லலியேண்ணே” என்றார் அவர். என் கணவர் சொரிமுத்துவின் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு நான் வராந்தாவில் இறக்கி வைத்திருந்த புது மெஷின் பெட்டியிடம் போனார். தூக்கினார். வைத்தார். மறுபடி தூக்கிக்கொண்டு நிலையத்தின் வாசல் படியில் இறங்கி ஏறினார். எங்கும் நிற்கவில்லை. எல்லாரும் பார்த்தார்கள்.

அதன் பின்பு உதவி ஆய்வாளர் மேசையில் பெட்டியை வைத்து, “காணாமப் போன மெஷின் கிட்டிப் போச்சு சாறே. இதுதான்” என்றார். காலையில் பன்னிரண்டு இஞ்சு என்றல்லவா எழுதிக் கொடுத்தாய் என்று உதவி ஆய்வாளர் கேட்டார். “பதட்டத்தில தப்பாச் சொல்லிட்டேன் சாறே. நான் வாங்கினது பத்துதான். எனக்க பொஞ்சாதிக்குத் தெரியும்” என்றார். சொல்லும்போதுதான் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது உண்மை அல்ல. அவர் வாங்கியது பன்னிரண்டு இஞ்சு. மாற்றியது நான், அவருக்குத் தெரியாமல். சத்தியத்துக்கு விரோதமாக நான் சொல்லக்கூடாது. ஆனால் அவர் சொன்னதையும் அடித்துவிட வேண்டாம், அவர் சொன்னபடியே இருக்கட்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

சொரிமுத்துவை என்னோடு அனுப்பும்படியும் வேண்டுகிறேன். அவர் காலையிலிருந்து சாப்பிடவில்லை.

நான் சொன்னபடி எழுதியதைத் தலைமைக் காவலர் எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். ஒரு இடம் தவிர மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடியே. அந்த ஒரு இடம் என் கணவர் சொன்னது.

(ஒப்பம்)
ரா. ராஜபாய்