நான்கு மில்லிமீட்டர் கண்ணாடி

கண்ணாடியில் கீறல் எடுக்க வருபவன் முதலில் கேட்பது தண்ணீர். குடிக்க அல்ல. பாலிஷ் பொடியைக் குழைக்க வேண்டும், தேய்க்கும்போது கண்ணாடி சூடேறாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இது தெரியாமல் பல வீடுகளில் டம்ளரில் கொண்டுவந்து நீட்டுவார்கள். குடித்துவிட்டு, வாளியில் கேட்பேன்.

கிறுக்கர்களுக்கு எங்கும் பஞ்சமில்லை. கடை ஜன்னல், பேருந்து நிறுத்தம், லிஃப்ட் கண்ணாடி, எதையும் விடுவதில்லை. ஆணியால் ஒரு பெயர், ஓர் இதயம், ஒரு கெட்ட வார்த்தை. கெட்ட வார்த்தையிலும் எழுத்துப்பிழை. உரிமையாளர்கள் அதைவிட மேதைகள். "கீறலை மட்டும் எடுத்துடுங்க" என்பார்கள், சட்டையில் ஒட்டிய நூலைப் போல. கீறல் ஒரு பள்ளம். பள்ளத்தை எடுக்க முடியாது. சுற்றியுள்ள கண்ணாடியைப் பள்ளத்தின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்குகிறோம், அவ்வளவுதான். பார்க்கப் புதுசு போலிருக்கும். கொஞ்சம் மெலிந்திருக்கும். அதனால் ஒரே இடத்தை மூன்று முறைக்கு மேல் தேய்க்க மாட்டேன். கண்ணாடியையே மாற்றச் சொல்லிவிடுவேன்.

நான் இயற்பியல் படித்தவன். என் மனைவியும் அதே வகுப்பு. "எம்.எஸ்ஸி. படிச்சுட்டு மாப்பிள்ளை ஜன்னல் தேய்க்கிறாரு. நல்லவேளை, பாத்திரம் தேய்க்கலை" என்பார் மாமியார். தனக்கு நகைச்சுவை வரும் என்று அவருக்கு ஒரு நினைப்பு.

திருமணமாகி இரண்டாம் வருடம், அக்கா வீட்டுக்குப் போகிறேன் என்றாள் மனைவி. எத்தனை நாளைக்கு என்றேன்.

"திரும்பி வர்றதா இல்லைங்க. நீங்க பக்கத்துல இருந்தாலே எனக்கு மூச்சு முட்டுது."

மூச்சு முட்டினால் பார்க்க வேண்டியது நுரையீரல் மருத்துவரை என்றேன். அவள் சிரிக்கவில்லை. கோபம் தணியட்டும் என்று, வேலைக்குப் போகும்போது கதவை வெளியே பூட்டத் தொடங்கினேன். அவளுடைய கைப்பேசி என்னிடம் இருந்தது. அக்கா கூப்பிட்டபோது, உடம்பு சரியில்லை, தூங்குகிறாள் என்றேன். வீட்டில் சாப்பாடு இருந்தது, புத்தகங்கள் இருந்தன. சிறைவைத்தான் என்று நீங்கள் எழுதிக்கொண்டிருப்பது மிகை.

எங்கள் வீடு நான்காவது மாடி. கூடத்து ஜன்னல் திறக்காத ஒற்றைக் கண்ணாடி, முழங்கால் உயரத்தில் தொடங்கும். அந்த உயரத்துக்கு நான்கு மில்லிமீட்டர் கனம் போதாது. கட்டியவன் கஞ்சன். மூன்றாம் நாள் மாலை வந்து பார்த்தால், அதில் 'கதவைத் திறந்துவிடுங்க' என்று மோதிரக் கல்லால் கீறியிருந்தாள். தெருவிலிருந்து படிக்கும்படி பெரிதாக, இடவலம் மாற்றி, வரி கோணாமல். படிப்பு வீண்போகவில்லை. கல்லும் நல்ல கல்தான் என்று தெரிந்தது. அன்றே தேய்த்து எடுத்தேன். மறுநாள் அதே இடத்தில் எழுதினாள். மற்ற இடங்களைத் தெருவுக்குத் தெரியாமல் கீழே இருந்த விளம்பரப் பலகை மறைத்தது. மோதிரத்தை நான் பிடுங்கவில்லை. கட்டியவள் கையிலிருந்து மோதிரம் பிடுங்குகிற ஆள் நானில்லை.

எதிர்க்கடைத் தையல்காரர் ஒருநாள் மறித்தார்.

"தம்பி, உங்க ஜன்னல்ல 'கதவைத் திறந்துவிடுங்க'ன்னு எழுத்து வருது, சாயங்காலம் காணாமப்போகுது. பேய் கீய் குடியிருக்கா?"

"தொழில் பழகுறேன் அண்ணே. நானே கீறி நானே எடுக்கிறேன்."

"அடேங்கப்பா! நானும் நானே கிழிச்சு நானே தைச்சா ஓயாம வேலை இருக்கும் போலயே."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். தெருவே படித்தது. ஒருவரும் படியேறி வரவில்லை. இவர்களைத்தான் நீங்கள் சாட்சி என்கிறீர்கள்.

இருபத்தாறு நாள் எழுதினாள். இருபத்தாறு நாளும் எடுத்தேன். நான் தேய்க்கும்போது நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒருநாள், "உங்களுக்குக் கை வலிக்கவே வலிக்காதா?" என்றாள். இரண்டு வருடத்தில் என் உடம்பைப் பற்றி அவள் அக்கறையாகக் கேட்டது அது ஒன்றுதான்.

இருபத்தாறாம் நாள் அளவுமானி வைத்துக் கண்ணாடியின் கனத்தைப் பார்த்தேன். ஓரத்தில் நான்கு. எழுதிய இடத்தில் ஒன்றே முக்கால். நீங்கள் பொறுக்கிய துண்டுகளும் அதைத்தான் சொல்லும். வாடிக்கையாளர் வீடாக இருந்தால் குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லியிருப்பேன்.

மறுநாள் காலை செருப்பு மாட்டும்போது அவளிடம் சொன்னேன்:

"தையல்காரர் உன்னை விசாரிச்சாரு. எழுதினா அவருக்குப் புரியலையாம். தட்டினா கேக்குமாம்."

அவள் என் முகத்தையே பார்த்தாள். "நிஜமாவா?"

"பலமாத் தட்டணும். ரோட்டுல ஒரே இரைச்சல்."

பூட்டிவிட்டு இறங்கினேன்.

தள்ளிவிட்டான் என்று எழுதாதீர்கள். அப்போது நான் மூன்று தெரு தள்ளி, ஒரு வங்கியின் கதவைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். இரண்டு கைகளாலும் அடித்து, உடம்பையும் அதில் சாய்த்தது அவள்தான். உடையும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். உடையட்டும் என்றுதான் சொன்னேன். அதை எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவளை ஏமாற்றினேன் என்ற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். தட்டுகிற சத்தம் கடைக்குள் கேட்டது, நிமிர்ந்து பார்த்தேன் என்று தையல்காரரே உங்களிடம் சொல்லியிருக்கிறார். மனைவியிடம் பொய் சொல்லும் பழக்கம் எனக்கு என்றுமே இருந்ததில்லை.