இருட்டுக்குள் போன பதினோரு பேர்

பட்டப்பகலில், காவலாளி வாசலில் நிற்கும்போதே, ஒரே அறையில் பதினோரு பேரை இல்லாமல் ஆக்கியவன் நான். ஒருவர்கூடச் சத்தம் போடவில்லை. வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி, "அப்படியா, மொதல்ல பாத்ரூம் பல்பை மாத்துங்க" என்றாள்.

நியாயமான பேச்சுதான். ஓவியக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் எலக்ட்ரீசியனாக இருந்தேன். மூன்றாம் அறையில் ஒரு பெரிய படம். சாப்பாட்டு மேசையைச் சுற்றி ஒரு குடும்பம், பன்னிரண்டு பேர். குரூப் போட்டோ மாதிரி எல்லார் முகத்திலும் ஒரே வெளிச்சம். கழிப்பறைக்குப் போகிறவர்கள் மட்டும் அதைக் கடந்து போவார்கள்.

வலது ஓரத்தில் வழுக்கைத் தலையோடு ஒரு மாமா. என் விளக்கு அந்தத் தலையில் பட்டுப் பளீரென்று கண் கூசும். புகார் வந்தது. விளக்கை நகர்த்தினால் கூச்சம் அத்தையின் மூக்குக்குப் போனது. திருப்பினால் மறுபடியும் மாமா. மனுஷன் எத்தனை தரம்தான் ஏணி ஏறுவான்? கூடம் மூடியிருந்த ஒரு திங்கட்கிழமை, விளக்குக்கரியை எண்ணெயில் குழைத்து மாமாவின் தலையில் இதமாகத் தடவிவிட்டேன்.

மறுநாள் இரண்டு பேர் படத்தின் முன்னால் நின்றார்கள்.

அதற்குமேல் நான் பேராசைப்படவில்லை. வருஷத்துக்கு ஒருவர், அவ்வளவுதான். அத்தை, இரண்டு சித்தப்பா, காரணமில்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த மாப்பிள்ளை. படம் வயசாகிக் கறுக்கிறது என்று எல்லோரும் நினைத்தார்கள். ஒவ்வொருவராகப் போகப்போக, மேசை நடுவில் இருந்த அம்மாவின் முகம் இருட்டிலிருந்து எழுந்து வந்தது. பார்க்க வந்த வரிசை தெருமுனையைத் தாண்டி அடுத்த ஊர்வரைக்கும் நின்றது. "பாவம், யாருக்காகவோ காத்திட்டிருக்கா" என்று ஜனங்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஏணிமேல் இருந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.

கடைசியில் அவள் மடியில் ஒரு பெண் குழந்தை மட்டும் மிச்சம். மூன்று வருஷம் விட்டுவைத்தேன். என்னைக் கல்நெஞ்சக்காரன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் குழந்தை இருக்கும்வரை அம்மா முழுசாகத் தனியாக இல்லையே. ஓய்வுபெற்ற வாரத்தில் முடித்தேன். பயந்துவிடக் கூடாது என்று கண்களை முதலில் மூடினேன்.

போன மாதம் கூடத்து அலமாரியில் அந்தப் படத்தின் பழைய புகைப்படம் ஒன்று அகப்பட்டது. பன்னிரண்டு பேரும் இருந்தார்கள். படத்தைத் தொட உரிமை உள்ளவள், பழைய படங்களைச் சீர்செய்யும் பெண் ஒருத்திதான். அவள்தான் பூசி மெழுகிவிட்டாள் என்று வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். அவளுக்காகத்தான் போனேன். என் நிழலை இன்னொருத்தர் போட்டதாக ஊர் பேசுவதெல்லாம் எனக்குப் பெரிய விஷயமில்லை.

கூடத்தின் டைரக்டர் புதியவர். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார்.

"பெரியவரே, பல்பு மாட்டுற கை இதைச் செஞ்சிருக்காது. இது கைதேர்ந்த ஓவியர் போட்ட நிழல்."

"ரொம்ப நன்றி சார்" என்றேன்.

"அந்தம்மாவைக் காப்பாத்தப் பாக்குறீங்க."

"குழந்தைக்கு மட்டும் பிரஷ் வேண்டாம்னு விரலாலேயே பூசினேன் சார். கன்னத்துல என் கட்டைவிரல் பதிஞ்சிருக்கும். அவங்களையும் கூப்பிடுங்க, பாத்துடலாம்."

அவள் வந்தாள். மூன்றாம் அறையில் விளக்கையெல்லாம் அணைக்கச் சொன்னேன். டார்ச்சைப் படத்தோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடிக்கச் சொன்னேன். அப்படிப் பிடித்தால் கடுகளவு மேடும் நிழல் காட்டும். என் தொழில் அது. கறுப்புக்குள் கட்டைவிரல் ரேகை எழுந்தது. குறுக்கே ஒரு கோடு, பழைய ஷாக்கில் நான் வாங்கிய தழும்பு. டைரக்டர் என் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அவள் பஞ்சை எதிலோ நனைத்து, ரேகைக்கு மேலே மெல்லத் துடைத்தாள். ஒரு கண் திறந்தது. பிறகு இன்னொன்று. நேராக என்னைத்தான் பார்த்தது.

"அந்த இடத்துல மட்டும் வெளிச்சம் கொஞ்சம் தூக்கலா இருக்கு" என்றேன். "நான் வேணும்னா சரிபண்ணித் தரேன்."

அவள் என் கைக்கும் படத்துக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டாள். டைரக்டர் டார்ச்சை அணைத்தார்.

"அம்மா, நீங்க நாளைக்கே வேலைக்கு வந்துடுங்க" என்றார். "இந்த மனுஷன்தான் செஞ்சிருக்கார்."