நின்ன லிஃப்ட்டும் கிரேக்க ஞானமும்

…அதான் சொல்றேன்ல, 'மிதம்'ங்கற வார்த்தையவே இந்த பில்டிங்குக்குள்ள கொண்டுவந்தது நான்தான். அதையே எடுத்து என் தலையில போட்டா எனக்கு எப்படி இருக்கும், நீங்களே சொல்லுங்க. உக்காருங்கம்மா, ஏன் நின்னுக்கிட்டே இருக்கீங்க? அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆட்டம், சுவரோரமா தள்ளிப் போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது. சாவிதானே? தர்றேன். பில்டிங் சங்கத்துப் புது செகரட்டரி வந்து கேட்டா பழைய செகரட்டரி தரத்தானே வேணும். தரமாட்டேன்னா சொன்னேன்?

ஆனா எது எந்தப் பூட்டுக்குன்னு தெரியாம வாங்கிட்டுப் போய் என்ன பண்ணுவீங்க? இது தண்ணி மோட்டார் ரூம். இது மொட்டை மாடி, கொஞ்சம் இடது பக்கமா அழுத்தித் திருப்பணும். இது மீட்டர் பெட்டி. இது எதுக்குன்னு எனக்கே தெரியாது, ஆனா தூக்கிப் போட மனசு வரல… லிஃப்ட் மெஷின் ரூம் சாவியா? இருக்கு இருக்கு, அதுக்கு வர்றேன். யாரு கேட் பக்கத்துல நிக்கறது? அந்த மெக்கானிக்கா? நீங்களே போன் போட்டு வரச் சொன்னீங்களா! அடேயப்பா. நாலாவது மாடிக்குக் குடிவந்து சாமான் பொட்டிகூடப் பிரிச்சு முடிக்கல, அதுக்குள்ள மெக்கானிக் நம்பர் வரைக்கும் போயிட்டீங்க. நிக்கட்டும், நிழல்லதானே நிக்கறான்.

எங்க விட்டேன்? ஆங், மிதம். கோடை ஆரம்பிச்சப்ப இந்த லிஃப்ட் நின்னுபோச்சும்மா. மெஷின்தானே, நிக்கும். அதுக்கு இந்த இன்டர்காம் இருக்கே, காலையில ஆரம்பிச்சா ராத்திரி வரைக்கும் அலறும். கரகரன்னு ஒரு சத்தம் வேற, யாரு பேசினாலும் ஒரே குரல்தான் கேக்கும். 'லிஃப்ட் என்னாச்சு, லிஃப்ட் என்னாச்சு.' நான் என்ன தோள்ல தூக்கிக்கிட்டுப் போய் விடவா முடியும்? காது ரெண்டும் புளிச்சுப்போச்சு.

அப்பதான் என் மருமக போன்ல ஒண்ணு அனுப்பினா. 'கோடையில் உடல் சமநிலை, பண்டைய கிரேக்கர்கள் காட்டும் வழி'ன்னு. அவ அனுப்பறது எதையும் நான் பொதுவா திறக்கறதில்ல. அன்னிக்குன்னு திறந்தேன். என்ன சொல்றாங்க அதுல? உடம்புல நாலு நீர் ஓடுதாம். ரத்தம், சளி, மஞ்சப் பித்தம், கரும் பித்தம். வெயில் காலத்துல மஞ்சப் பித்தம் ஏறிடுமாம், ஏறினா கோபம் வருமாம். எனக்குப் பொறி தட்டிச்சு. அட, இதுங்கள்லாம் கோபப்படறது லிஃப்ட்டால இல்லடி, பித்தத்தாலன்னு.

சிரிக்காதீங்க. அன்னிக்கு சாயங்காலமே பெரிய எழுத்துல எழுதி லிஃப்ட் கதவுமேலயே ஒட்டிட்டேன். எப்படியும் கதவு திறக்கப் போறதில்ல, நல்ல இடம். 'கிரேக்கர்கள் தினமும் நடந்தார்கள். நாமும் நடப்போம். மிதமாக வாழ்வோம்.' மாடிக்கு மாடி பிரிச்சும் குடுத்தேன். முதல் மாடி ரத்தம், அங்க எப்பப் பாத்தாலும் சிரிப்பும் கூத்தும்தான். ரெண்டாவது மாடி மஞ்சப் பித்தம், அந்த பஸ் டிரைவர் குடும்பத்தை நீங்க இன்னும் பாக்கல, பாப்பீங்க. மூணாவது மாடி கரும் பித்தம், சோகம். நாலாவது மாடி சளி. நீங்க வர்றதுக்கு முன்னாடி எழுதினது, மனசுல வெச்சுக்காதீங்க. கிரவுண்ட் ஃப்ளோரா? நானும் எங்க வீட்டுக்காரரும்தான். நாங்க சமநிலை.

ஒவ்வொரு மாடிப்படி திருப்பத்துலயும் வாட்ச்மேனை விட்டு ஒரு மண்பானை வெச்சு, தண்ணி ரொப்பி, மூடி போட வெச்சேன். ஏறும்போது ஒரு வாய் குடிச்சுக்கலாம்ல? இவ்வளவு செஞ்சேன். மொதல்ல நல்லாத்தான் போச்சு. கேக்கவே நல்லாருக்கும் பாருங்க, 'எங்க பில்டிங்ல கிரேக்க முறை'ன்னு. முதல் மாடிக்காரம்மா உறவுக்காரங்க கிட்டல்லாம் பீத்திக்கிட்டா. இன்டர்காம் ஓய்ஞ்சுபோச்சு. யாராவது மறந்து போய் லிஃப்ட்டுன்னு ஆரம்பிச்சா, 'உங்களுக்குப் பித்தம் ஏறியிருக்கு, வெள்ளரிக்கா சாப்பிடுங்க'ன்னு சொல்லி வெச்சுடுவேன். எவ்வளவு சௌகரியமா இருந்துச்சு தெரியுமா!

இதுல மண்ணை அள்ளிப் போட்டது யாருன்னு நெனைக்கறீங்க? அந்த மூணாவது மாடி டிராயிங் மாஸ்டர். ரிட்டயர் ஆனவரு, ஒத்தை ஆளு. முட்டிவலி, படி இறங்க முடியாது. லிஃப்ட் நின்ன நாள்லேர்ந்து மனுஷன் கீழயே வரல. சாப்பாடு, காய்கறி எல்லாம் யாராவது மேல கொண்டுபோய்க் குடுக்கறது. வேலை வெட்டி இல்லாம என்ன பண்ணுவாரு? நான் எல்லாருக்கும் அனுப்பினேன் பாருங்க, அந்த கிரேக்க சமாச்சாரம், அதை முழுசாப் படிச்சுட்டாரு. முழுசா! யாரும்மா அதையெல்லாம் முழுசாப் படிப்பாங்க? அது பத்தாதுன்னு பேரனுக்குச் சொல்லி கிரேக்கர்களைப் பத்தி தடிதடியா புஸ்தகம் வேற வரவழைச்சுட்டாரு.

ஒரு நாள் போன் பண்றாரு. 'அம்மா, கோடையில உடம்பை வருத்தக்கூடாதுன்னுதான் அவங்க சொல்லியிருக்காங்க. நிழல்ல மெதுவா நடன்னுதான் இருக்கு. உச்சி வெயில்ல மாடிப்படி ஏறுன்னு எங்கயும் இல்லையே'ன்னாரு. நான், அது அந்த ஊரு கோடை, இது நம்ம கோடைன்னேன். நல்ல பதில்தானே? போனை வெச்சுட்டாரு. அப்பவே நான் உஷாராயிருக்கணும்.

வருஷாந்தரக் கூட்டத்தை எப்பவும் இந்த ஆபீஸ் ரூம்லதான் நடத்துவேன். நான் இங்க, இந்த மேஜைக்குப் பின்னாடி. அவங்கல்லாம் அங்க. இந்தத் தடவை மாஸ்டரால இறங்க முடியாது, அதனால கூட்டத்தை மூணாவது மாடியில வைப்போம்னு டிரைவர் பொண்டாட்டி கிளப்பிவிட்டா. எல்லாரும் சரின்னுட்டாங்க. படிக்கட்டுலேயே உக்காந்துட்டாங்க, மேல பாதிப் பேரு, கீழ பாதிப் பேரு. நீங்க வரல, பொட்டி பிரிச்சுக்கிட்டு இருந்தீங்க. எனக்கு மூணு மாடி ஏறறதுக்குள்ள உயிரே போயிடுச்சு. நெஞ்சு படபடன்னு… ரெண்டு தடவை உக்காந்துட்டேன். நடுவுல ஒரு பானையில தண்ணி மோந்து குடிக்கலாம்னு பாத்தா, உள்ள ஒரு பல்லி. இந்தக் கோடையில நான் மாடி ஏறினதே அன்னிக்குத்தான்.

நான் மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கறேன், மாஸ்டர் நாற்காலியில உக்காந்து ரொம்ப மரியாதையா ஆரம்பிக்கறாரு. செகரட்டரி அம்மா நமக்கெல்லாம் மிதத்தைக் கத்துக்குடுத்தாங்க, அதுக்கு நாம கடமைப்பட்டிருக்கோம்ன்னு. எனக்கு உச்சி குளிர்ந்துபோச்சு. அடுத்து சொல்றாரு, அந்தக் காலத்து கிரேக்கர்கள் அதிகாரத்துலயும் மிதம் பாத்தாங்களாம். ஒருத்தரே ரொம்ப நாள் உக்காந்திருந்தா ஊருக்கு ஆகாதுன்னு, உடைஞ்ச பானை ஓட்டுல பேரெழுதிப் போடுவாங்களாம். ஓடு நெறைய விழுந்துச்சுன்னா அந்த ஆளு பத்து வருஷம் ஊரை விட்டே போயிடணுமாம். சொத்து பத்தெல்லாம் அப்படியே இருக்குமாம், ஆளு மட்டும் வெளிய. பெரும்பாலான பதவிக்குக் குலுக்கல்ல ஆள் எடுப்பாங்களாம்.

ரெண்டாவது மாடிப் பானை ஏற்கெனவே உடைஞ்சிருந்துச்சு. எப்படி உடைஞ்சுதுன்னு யாருக்கும் தெரியாதாம். ஆளுக்கொரு துண்டு, கரி ஒண்ணு கைமாறிக்கிட்டே போச்சு. நான் வாங்கி வெச்ச பானைம்மா அது! கொட்டிப் பாத்தா எல்லாத்துலயும் என் பேருதான். அதுகூடப் பரவாயில்ல. ஒரு ஓட்டுல எழுத்து கோணல் மாணலா, கடைசி எழுத்துக்கு மட்டும் வாலை நீட்டி… எங்க வீட்டுக்காரர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன். வீட்டுக்கு வந்து கேட்டேன், ஏன் இப்படிப் பண்ணினீங்கன்னு. பேப்பர்லேர்ந்து தலையத் தூக்காமலே சொல்றாரு, "சின்ன எழுத்துலதாண்டி எழுதினேன்."

பத்து வருஷம் இந்த ரூமுக்குள்ள நான் வரக்கூடாதாம். வீட்ட விட்டுப் போகச் சொல்லல, இந்த ரூம மட்டும். பெரிய மனசு. அப்புறம் ஒரு குக்கர் பாத்திரத்துல வீட்டு நம்பரையெல்லாம் எழுதிப் போட்டுக் குலுக்கினாங்க. உங்க வீட்டு நம்பர் வந்துச்சு. உங்க மேல எனக்குக் கோபமே இல்லம்மா. நீங்க என்ன பண்ணுவீங்க?

என்ன… அந்த மெஷின் ரூம் பூட்டு மட்டும் ஏன் புதுசா இருக்குன்னா? அந்த மெக்கானிக் சொன்னானா? அதுக்குள்ள போட்டுக் குடுத்துட்டானா?

ஆமா, மாத்தினேன். நான்தான் மாத்தினேன். ஏன் மாத்தினேன்னு கேளுங்க. கோடை ஆரம்பிக்கறப்ப சர்வீஸ் பண்ண வந்திருந்தான். நான் பாட்டுக்குப் பக்கத்துல நின்னு, எண்ணெய் எங்க போடணும், போன தடவை என்ன சத்தம் வந்துச்சு, எந்த மாடியில இடிக்குது, எல்லாம் சொல்லிக்கிட்டிருந்தேன். நல்லதுக்குத்தானே சொன்னேன்? வாட்ச்மேன் இருக்கான், டிரைவர் பொண்டாட்டி இருக்கா, அத்தனை பேரு முன்னாடி திரும்பி என்னைப் பாத்து, "அம்மா, நீங்க கொஞ்ச நேரம் பேசாம இருந்தீங்கன்னா நான் வேலையப் பாப்பேன்"ங்கறான். என்னைப் பாத்து! பாதி வேலையில வெளிய அனுப்பிட்டேன். பூட்டை மாத்தினேன். மன்னிப்பு கேட்டுட்டு சாவிய வாங்கிக்கோன்னேன். அவன் வரல. கழட்டினது கழட்டினபடி கிடந்து, லிஃப்ட் நின்னுபோச்சு. கம்பெனியிலேர்ந்துகூட போன் வந்துச்சு, வேற ஆள் அனுப்பட்டுமான்னு. எங்களுக்கு லிஃப்ட்டே தேவையில்ல, நாங்க கிரேக்க முறையில இருக்கோம்ன்னு சொல்லிட்டேன்.

ஒரே ஒரு வார்த்தை. 'தப்பா பேசிட்டேம்மா'ன்னு வந்து நின்னிருந்தா குடுத்திருப்பேன். அன்னிக்கே குடுத்திருப்பேன்.

அப்படிப் பாக்காதீங்க என்னை. உங்களுக்கு என்ன தெரியும்? இந்த ரூம்ல உக்காந்திருந்தாத்தான் என்னைத் தேடி நாலு பேரு வருவாங்க. திட்டறதுக்காவது வருவாங்க. அந்தக் கதவைத் தாண்டி எங்க வீட்டுக்குள்ள போனா, பேப்பர். பேப்பருக்குப் பின்னாடி அவரு. நான் பேசினா ஒரு பக்கம் திருப்புவாரு, பேசாட்டி இன்னொரு பக்கம் திருப்புவாரு. இந்தச் சாவிக் கொத்தைக் குடுத்துட்டு நான் அங்க போய் என்னம்மா பண்ணுவேன்? பயமா இருக்கு எனக்கு. நெசமாத்தான் சொல்றேன்.

சரி, பாவம், வந்ததுலேர்ந்து வாய் நனைக்கக்கூட ஒண்ணும் குடுக்கல நான். இருங்க, உள்ள போய் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு கொண்டாரேன். கோடையில தண்ணி நெறைய சேத்துத்தான் எதையும் குடிக்கணுமாம், அது மட்டும் நெசமாவே அந்த கிரேக்கர்கள் சொன்னது. கொத்தை இப்படி மேஜை மேல வெக்கறேன். எங்கயும் போயிடாதீங்க, தலைவலி மாத்திரையை எந்த டப்பாவுல வெச்சிருக்கேன்னு கூடச் சொல்லணும், இந்த வேலையில தேவைப்படும்…

…சக்கரை கம்மியாத்தான் போட்டிருக்கேன், வேணும்னா… எங்க? ஏம்மா? அட, இங்கதானே… சாவிக் கொத்து?

கேட் பக்கத்துலயும் ஆளக் காணோம். ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகக்கூடாது?

என்ன சத்தம் அது… மேல… அம்மாடி, ஓடுது. ஓடுது!

இன்டர்காம் வேற… இரு இரு, வர்றேன், அலறாத. ஹலோ, செகரட்டரி பேசறேன்… யாரு, மாஸ்டரா?… ம்… கதவு திறந்துச்சா?… ம்… இறங்கி வர்றீங்களா, வாங்க. மெதுவா வாங்க… என்னது, நன்றியா? எனக்கா?… இல்ல மாஸ்டர். நீங்க ஆள் மாத்திப் பேசறீங்க. அவங்க மேல மெஷின் ரூம்ல இருக்காங்க… இல்ல, இல்ல, இது நான்… கிரவுண்ட் ஃப்ளோர்.