ஒழுகுது, வாங்க

— பெட்ரோல் ஒழுகுதுன்னுதானே சார் போன்ல சொன்னீங்க?

— ஆமா, மெக்கானிக்கம்மா. அதாவது, கீழ பாருங்க, குளம் கட்டி நிக்குது.

— விரல வெச்சுப் பாருங்க. பெட்ரோல்னா இந்நேரம் காஞ்சு போயிருக்கும். இது பிசுபிசுங்குது. கியர் ஆயில் சார் இது.

— அப்படியா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

— முதல்ல டேங்குக்கு அடியில பெட்ரோலைத் திறந்து மூடற டேப்பு, அதுவும் ரெண்டு தடவை. அப்புறம் பைப்பு கிளிப்பு. அப்புறம் கார்புரேட்டர் திருகு. இப்ப கியர் பெட்டி. அட, இந்த வண்டிக்கு மட்டும் எப்படி சார் தேடித் தேடி வியாதி வருது?

— வயசாயிடுச்சுல்ல. டூ ஸ்ட்ரோக் வேற. புகையும் இருமலுமா, அதாவது, என்னை மாதிரி.

— ஓட்டினாத்தானே புகை வரும்? சீட்டுல தூசி படிஞ்சு கெடக்கு.

— என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்ததுக்கப்புறம் பின்சீட்டு காலி. தனியா எங்க போறது?

— சரி, டார்ச்சைக் கொஞ்சம் இப்படிப் பிடிங்க. அட! சார், இந்த போல்ட்டுல ஸ்பேனர் பட்ட தடம் புதுசா மின்னுதே.

— அதாவது...

— உங்க நகக்கண்ணெல்லாம் வேற கறுப்பா இருக்கு.

— கார்புரேட்டர்னு நினைச்சுத்தான் திருப்பினேன்.

— அட கடவுளே! கார்புரேட்டர் மேல இருக்கு சார்!

— படுத்துக்கிட்டுப் பார்த்தா எல்லாம் ஒரே மாதிரி தெரியுது. சிரிக்காதீங்க.

— சிரிக்கல. ஏன் சார் இப்படி?

— வேற என்ன சொல்லி உங்களைக் கூப்பிடுறது? பேச ஆள் இல்ல, வாங்கன்னா சொல்ல முடியும்? ஒழுகுதுன்னா பையைத் தூக்கிக்கிட்டு வந்துடறீங்க. நீங்களும் நின்னு நிதானமா வேலை செய்யறீங்க. மத்த நாள்ல பால் வாங்கப் போனாத்தான் என் குரலே எனக்குக் கேக்குது.

— என் கடையில கூட்டத்துக்குக் குறைச்சல் இல்ல. ஆனா எல்லாரும் கேக்கறது ஒண்ணுதான், எப்பம்மா ரெடியாகும்னு. அதை விடுங்க. வரும்போது வாசல்ல உங்க ஹவுஸ் ஓனர் என்கிட்ட என்ன சொன்னார் தெரியுமில்ல?

— தெரியும். இன்னொரு சொட்டு தரையில விழுந்தா வண்டியைக் காயலான் கடைக்குத் தள்ளிடுவாராம். அவ உக்காந்து வந்த வண்டிம்மா. இன்னிக்கு நல்லா இறுக்கிடுங்க. இனிமே ஒழுகவே கூடாது.

— இறுக்கிட்டா?

— இறுக்கிட்டா நீங்க வர மாட்டீங்க. என்ன பண்றது... கோவமா?

— ஒண்ணு கேக்கறேன். அந்த டேப்பையும் நீங்கதான் திருகினீங்களா?

— சத்தியமா இல்லைங்க! அது ரெண்டு தடவையும் தானா ஒழுகிச்சு. அதைப் பார்த்துத்தான் எனக்கு இந்த யோசனையே வந்துச்சு.

— ரெண்டாவது தடவை தானா ஒழுகல சார். பிஞ்சு போன பழைய வாஷரையே நான்தான் திரும்பப் போட்டுட்டுப் போனேன்.

— ஏன், கையில புதுசு இல்லியா?

— பை நிறைய இருந்துச்சு. புதுசு போட்டிருந்தா, மறுபடி இந்த வீட்டுப் படி ஏற எனக்கு மட்டும் என்ன சாக்கு இருந்துச்சு?