நிலநடுக்கம் படிக்க நினைத்தவள்

ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் தேனிப் பேருந்து கிளம்பக் காத்திருந்தது. எனக்கு முன் இருக்கையில் ஓர் இளம்பெண்ணும் அவள் அண்ணனும் உட்கார்ந்திருந்தார்கள். மேல்படிப்புக்கு இடம் பார்க்க வெளிநாடு போய்விட்டு அன்று காலைதான் ஊர் திரும்பியிருந்தாள் என்பது பேச்சில் தெரிந்தது.

"மூணு யுனிவர்சிட்டி பாத்தேண்ணே. ரெண்டுல என்னையத் திரும்ப நம்ம மலைக்கே போகச் சொல்றாங்க."

"எதுக்கு?"

"நம்ம பளியர் மலைச்சனத்தைப் பத்தி ஆராய்ச்சி பண்ணணுமாம். அப்படின்னா உடனே சேத்துக்கிறாங்களாம். எனக்கு நிலநடுக்கம் படிக்கணும்னு சொன்னேன். சிரிச்சிக்கிட்டே மறுபடி அதையே சொல்றாங்க."

"மூணாவது எடம்?"

"அங்க யாரும் சாதி சனம் கேக்கல. கணக்குல பரீட்சை வச்சாங்க. பாதிதான் போட முடிஞ்சுச்சு. ஒரு வருசம் கணக்குப் படிச்சிட்டு வா, பாப்போம்னுட்டாங்க."

"கிடைக்கிறதை வாங்கிக்க தாயி. நம்மளப் பத்தி எழுதுறது கேவலமா?"

"கேவலம் இல்லண்ணே. நான் அதை மட்டுந்தான் எழுதணுமா?"

பேருந்து நகர்ந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"தல்லாகுளம் ஆபீஸ்ல நான் கிளார்க்கா சேந்த அன்னைக்கு, எங்கிட்டக் கேட்ட மொதக் கேள்வியே மலைத்தேன் கிடைக்குமான்னுதான்."

"நீ என்ன சொன்ன?"

"கொண்டாந்து குடுத்தேன். எட்டு வருசமா குடுத்துக்கிட்டிருக்கேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னான்.

"ஒரு வருசந்தானே. கணக்கையே படி."