அறுபது வாட்

— மடக்காத பிரவீன், மடக்காத! மடக்கினா லேப்டாப்பு பாஸ்வேர்டு கேக்கும். அது உங்கண்ணனோடவே போச்சு.

— தெரியும் அண்ணி... சூடு ஆவுதேன்னு பார்த்தேன்.

— ஆவட்டும். அஞ்சு நாளா அணையாம காத்துகினு கீறேன். எத்தினி பர்சன்ட்?

— பதினொண்ணு.

— சார்ஜர் சொருவித்தானே கீது? அப்பவும் இறங்குதா?

— இதோட பெரிய அடாப்டர்தான் காலைல கரண்ட் ஏறி இறங்கினதுல புகைஞ்சிடுச்சே. நான் எடுத்தாந்தது டைப்-சி. இது ரோபோ டிசைன் பண்ற லேப்டாப் அண்ணி. அண்ணன் ஓட விட்ட கணக்கு வேற இன்னும் உள்ள ஓடினுகீது. பகாசுரன் மாதிரி இழுக்கும்.

— அதை நிறுத்தேன்.

— நிறுத்தினா மொத்தமா ஹேங் ஆயிடும்...

— அவரு கம்பெனியிலயே ஷிப்ட் இன்சார்ஜ்னு பேரு, ஒரு ஒயரு சொருவத் தெரியல. சரி, மெயிலைத் தேடு. மூணு மணிக்கு கம்பெனிக்காரங்க இதை வாங்கிகினு போக வராங்க.

— தேடிகினுதான் கீறேன். நாலாயிரம் மெயில். ஒருவேளை... அப்படி ஒண்ணு அவரு அனுப்பவே இல்லியோ?

— அனுப்பிச்சாரு! சாவறதுக்கு முந்தின நாளு, சோத்துக் கையோட உக்காந்து எழுதினாரு. "சென்சாரை ஆஃப் பண்ணிட்டு ரோபோவை ஓட்டச் சொல்றீங்க, ஆள் அடிபடும்"னு. எனக்குப் படிச்சுக் காட்டினாரு. இப்ப கம்பெனி ரிப்போர்ட்ல இன்னா எழுதி வச்சிக்கீறாங்க? ஆஃப் பண்ணதே அவருதானாம். அவரே பண்ணி, அவரே ரோபோ கூண்டுக்குள்ள போயி, அவரே செத்தாராம்!

— எட்டு பர்சன்ட்.

— போன்ல பாக்க முடியாதா?

— அண்ணன் ஐடியை மூடிட்டாங்க. இதுல கீற காப்பிதான்.

— நகரு. அந்த கேபிளைக் காட்டு.

— ஆட்டாதீங்க அண்ணி...

— இது போனுக்கு வர்ற கேபிளு.

— எல்லாம் டைப்-சிதானே?

— யார்கிட்ட? ஆறு வருஷம் வல்லம் வடகால் பேக்டரில கேபிள் டெஸ்டிங் லைன்ல நின்னவடா நான். சார்ஜர் நூறு வாட்டா இருந்தாலும், முனையில சிப்பு இல்லாத கேபிள்ல அறுபதுக்கு மேல விடாது. உனக்குத் தெரியாதா?

— அவசரத்துல மாத்தி எடுத்தாந்துட்டேன்...

— உன் பையில தடியா ஒண்ணு சுருட்டிக் கீதே, அது இன்னா?

— அஞ்சு பர்சன்ட்.

— எடுத்துச் சொருவு.

— வேணாம் அண்ணி.

— சாவுக்குப் பந்தல் போட்டவன் நீ. தோள் குடுத்தவன் நீ. பிள்ளைப்பாக்கம் பூரா உன்னைத் தம்பின்னு சொல்லிகினு திரிஞ்சாரே அவரு... கம்பெனி மிரட்டிச்சா? சொல்லு, கோச்சுக்க மாட்டேன்.

— யாரும் மிரட்டல.

— அப்புறம் ஏன்டா? அந்த மெயிலு கெடைச்சுதா இல்லியா?

— நான் தேடவே இல்ல அண்ணி. அது எனக்குத்தான் வந்துச்சு. "இன்னிக்கு டார்கெட் முடியட்டும், ஓட்டுங்கண்ணே"ன்னு மறுநாள் காலைல பதில் போட்டவன் நான்.