பேரண்டப்பள்ளியில் கேமரா இல்லை

ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் ஓசூரைச் சுற்றியுள்ள சாலைகள் பொதுவாக நல்லபடியாகத்தான் இருக்கும், சார். கம்பெனி பஸ்கள் ஒன்றிரண்டுதான் ஓடும். லாரிக்காரர்கள் சாப்பிட்டுவிட்டு வண்டிக்கு அடியில் படுத்திருப்பார்கள். இரண்டு வருடமாகப் பதினான்கு கேமராக்களை நாள் தவறாமல் பார்த்து வருகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நேற்று மட்டும் அப்படி இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. அதை எழுதிக்கொள்ளலாம்.

டீக்கு நன்றி. சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.

பெயர் கௌதம். அப்பா ரத்தினவேல், துறையூர்ப் பக்கத்திலிருந்து இருபத்தைந்து வருடத்துக்கு முன்னால் இங்கே கம்பெனி வேலைக்கு வந்தவர். அம்மா ராசாத்தி. அக்கா லாவண்யா, தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. நான் சிவில் எஞ்சினியரிங் மூன்றாம் ஆண்டு. நெடுஞ்சாலைப் பாடத்தில் அரியர் இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

நீங்கள் கேட்டது யானைகளைப் பற்றி. யானைக்குப் போவதற்கு முன்னால் மாட்டிலிருந்து தொடங்க வேண்டும்.

சாலைக் கேமராக்களை யார் வேண்டுமானாலும் நேரலையில் பார்க்கலாம் என்று ஒரு தளம் இருக்கிறது. யாரும் பார்ப்பதில்லை. ஒரு நாள் வகுப்பில் உட்கார்ந்து நான் பார்த்தேன். ஒன்பதாம் கேமரா, சூளகிரி சந்திப்பு. நடுரோட்டில் ஒரு மாடு படுத்திருந்தது. நண்பர்களின் வாட்ஸப் குழுவில் இப்படிப் போட்டேன்: 'சூளகிரியில் ஒரு மாடு. மாட்டுக்கு அவசரமில்லை. உங்களுக்கு இருந்தால் இடது ஓரமாக வரவும்.' அவ்வளவுதான். அன்று தொடங்கியது 'ஓசூர் ரோடு நிலவரம்'. இன்றைக்கு அதில் பதினோராயிரம் பேர். கம்பெனி பஸ் டிரைவர்கள், தக்காளி லாரிக்காரர்கள், ரோஜா ஏற்றும் வேன்காரர்கள், மாப்பிள்ளை வீட்டார்கள்.

கடைசிப் பெயரில் உங்கள் பேனா நின்றுவிட்டது. அங்கேதான் வருகிறேன்.

அக்காவுக்கு வரன் பார்க்கத் தொடங்கியதும் அப்பாவுக்கு என்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒரு சந்தர்ப்பம் கிடைத்தது. யார் பெண் பார்க்க வருவதாகச் சொன்னாலும், "எம் பையன் நம்பர் தர்றேங்க. கேமராவுலயே எல்லா ரோட்டையும் பாத்துருவான். அவன் சொல்ற வழியில வாங்க, ஒரு சிக்னல்லகூட நிக்க வேணாம்" என்பார். என் நம்பரை அவர்களுக்குக் கொடுத்தது நான் இல்லை என்பதை இந்த இடத்தில் பதிவு செய்ய விரும்புகிறேன்.

எல்லாருக்கும் லீவு ஞாயிறுதான். வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்தவர்கள் எழுந்து கிளம்பவே காலை போய்விடும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டிலிருந்து ஒன்றரை எமகண்டம். மூன்றிலிருந்து நாலரை குளிகை. நாலரையிலிருந்து ஆறு ராகு காலம். குளிகையில் செய்கிற காரியம் மறுபடியும் நடக்கும் என்பதால் பெண் பார்க்க அது ஆகாது, இன்னொரு பெண் பார்க்கும்படி ஆகிவிடும். ஆறு மணிக்கு மேல் உட்கார முடியாது, திங்கட்கிழமை ஃபர்ஸ்ட் ஷிப்ட், விடிவதற்கு முன்னால் பஸ் வந்துவிடும். ஆக ஒரு குடும்பம் எங்கள் வாசலை மிதிக்க ஒன்றரையிலிருந்து மூன்று வரைதான் நேரம். ஒன்றரை மணி நேரம், சார். ஒரு காரைத் தாமதப்படுத்த அது தாராளம்.

முதல் வரன் வீட்டார் தர்மபுரியிலிருந்து வந்தார்கள். ராயக்கோட்டையில் சந்தைக் கூட்டத்துக்குள் போகச் சொன்னேன். இரண்டாவது குடும்பத்தைப் பாலம் வேலை நடக்கிற இடத்துக்கு அனுப்பினேன். மூன்றாவது, நான்காவது எனக்கே சரியாக நினைவில்லை. யாருக்கும் ஒரு கீறல்கூட விழவில்லை. எல்லாரும் மூன்று மணிக்கு மேல் ஏதோ ஒரு டீக்கடையிலிருந்து அப்பாவுக்குப் போன் செய்து, "சகுனம் சரியில்லீங்க, பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்கள். ஜாம் என்பது வண்டிகள் அதிகமாவதால் வருவது. அதைச் சகுனம் என்று எடுத்துக்கொண்டது அவர்கள். நான் அறிவியல் படிக்கிறவன்.

நாலாவதுக்குப் பிறகு அம்மா ஜோசியரிடம் போனார். அவர் அதற்கு 'மார்க்க தோஷம்' என்று பெயர் வைத்தார். அப்படி ஒன்று எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லை. நான் தேடிப் பார்த்துவிட்டேன். ஒன்பது சனிக்கிழமை எள் தீபம் போட்டு நவகிரகம் சுற்ற வேண்டும் என்றார். அக்கா சுற்றினாள். பைக்கில் கூட்டிக்கொண்டு போனது நான்தான். ஒன்பது வாரமும் கேமரா பார்த்து, காலியான ரோட்டில்தான் கூட்டிப்போனேன். ஒரு வாரம்கூட நாங்கள் தாமதமாகப் போனதில்லை. பக்கத்து வீட்டுக் கெம்பம்மா மட்டும் அம்மாவிடம், "பாவம் ராசாத்தி, உம் பொண்ண ரோடே வேணாங்குது" என்று சொன்னார். அக்கா அப்போது உள்ளே என் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். காதில் விழுந்திருக்கும். காலரை இரண்டு தடவை தேய்த்தாள்.

அக்காவின் நன்மைக்காகத்தான் இதைச் செய்தேன் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். ஆனால் யோசித்துப் பாருங்கள். அவள் நாலு மணிக்கு எழுந்து, குளித்து, எனக்கு முட்டை வேகவைத்து உரித்து மூடி வைத்துவிட்டு ஷிப்டுக்குப் போகிறவள். டிப்ளமோவில் டிராஃப்டிங் படித்தவள், என் ரெக்கார்டு நோட்டில் படங்கள் எல்லாம் அவள் கைதான், ஸ்கேல் இல்லாமலே கோடு நேராக விழும். இப்படி நிம்மதியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணின் வாழ்க்கையில் போய் யாரோ ஒருவர் எதற்கு?

ஐந்தாவது வரன் போச்சம்பள்ளி. பையன் ஸ்ரீராம், அங்கே தொழிற்பேட்டையில் மெயின்டனன்ஸ் எஞ்சினியர். அம்மா ஜோதிமணி. அந்த அம்மாள் எமகண்டத்துக்கு முன்னால், பன்னிரண்டடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே காரை வாசலிலிருந்து நகர்த்தச் செய்து, கிருஷ்ணகிரியில் சாப்பிட்டுவிட்டு, ஒன்றரைக்கு மேல் ஓசூர் வருகிற மாதிரித் திட்டம் போடுவார். இவ்வளவு ஒழுங்கானவர்களை வழிமாற்றுவது சுலபம். முதல் தடவை, சூளகிரியில் வலது பக்கம் திரும்பிப் பேரிகை, பாகலூர் வழியாக வரச் சொன்னேன். பாகலூரில் இன்னொரு தடவை வலது பக்கம் திரும்பச் சொன்னேன். மூன்றரைக்கு அவர்கள் கர்நாடகத்தில், மாலூர் பஸ் ஸ்டாண்டில், கன்னடத்தில் வழி கேட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து அப்படியே திரும்பினார்கள். திரும்பிப் போனது குளிகையில். அப்படியென்றால் திரும்பிப் போவதும் மறுபடி நடக்கும் என்று ஜோதிமணி அம்மாள் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

இரண்டாவது தடவையும் நடந்தது. மற்ற குடும்பங்கள் ஒரே தடவையோடு விட்டுவிட்டன. இவர்கள் ஏன் மறுபடி மறுபடி வருகிறார்கள் என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

இல்லை, சார். உண்மையைச் சொல்ல உட்கார்ந்திருக்கிறேன், அதனால் சொல்லிவிடுகிறேன். ஆச்சரியம் இல்லை. எனக்குத் தெரியும். முதல் தடவைக்கு முந்தின வாரமே அக்கா என் நோட்டில் சர்வே படம் போட்டுக்கொண்டே சொன்னாள்.

"டேய், ஸ்ரீராம் எங்க கம்பெனிலதான்டா மொதல்ல இருந்தாரு. ரெண்டு வருஷமா பேசிக்கிறோம். தரகர்கிட்ட ஜாதகத்தக் குடுத்ததே நான்தான். அப்பாவுக்குத் தானா வந்த வரன் மாதிரி இருக்கட்டும். உன்கிட்ட மட்டும்தான் சொல்றேன்."

"சரிக்கா" என்றேன். "அந்தக் காம்பஸ் படத்துக்குப் பேர் எழுதலையே."

எழுதினாள்.

மூன்றாவது தடவைக்கு ஜோதிமணி அம்மாள் தன் மகனிடம் முடிவாகச் சொல்லிவிட்டார். "இந்த வாட்டியும் தடங்கல்னா வுட்ரு சாமி. ஆத்தாளே வேணாங்குறா." இதையும் அக்காதான் எனக்குச் சொன்னாள். சொல்லிவிட்டு, "நீதான்டா பாத்து அவங்கள பத்திரமா கூட்டியாரணும்" என்றாள். ஒரு பெரிய பொறுப்பை என்னிடம் அவள் ஒப்படைத்தது அதுதான் முதல் தடவை.

இங்கே ஒரு சிக்கல் வந்தது. ஸ்ரீராம் மெயின்டனன்ஸ் ஆள், இரண்டு தடவை பழுதானால் காரணம் தேடுகிறவர். இந்தத் தடவை என்னைக் கேட்காமல் அவரே கேமராத் தளத்தைத் திறந்து பார்த்துக்கொண்டு கிளம்பியிருக்கிறார் என்று அக்காவே சொன்னாள். ரோடு காலியாக இருக்கும்போது ஜாம் என்று சொன்னால் அவருக்குத் தெரிந்துவிடும். இனிமேல் பொய் சொல்ல முடியாது. அதனால் உண்மையை உண்டாக்க வேண்டியதாயிற்று.

பேரண்டப்பள்ளியில் கேமரா இல்லை. இரண்டு பக்கமும் காடு. அதனால் யானைகளை அங்கே நிறுத்தினேன். நேற்று மதியம் ஒன்று ஐந்துக்குப் பதினோராயிரம் பேருக்கும் போன செய்தி, உங்கள் மேஜையில் இருப்பதுதான்: 'பேரண்டப்பள்ளியில் இருபத்திரண்டு யானைகள் சாலையைக் கடக்கின்றன. குட்டிகள் உண்டு. ஓசூர் வருகிறவர்கள் சூளகிரியில் திரும்பி உத்தனப்பள்ளி வழியாக வரவும். யானைகளுக்கு அவசரமில்லை.'

எப்படி எண்ணினாய் என்று நீங்கள் கேட்டீர்கள். "இருவது சொன்னா பத்தாதாப்பா? அதென்னா இருவத்திரெண்டு?" என்றீர்கள். இருபது என்றால் யாரோ குத்துமதிப்பாகச் சொல்கிறான் என்று தோன்றும். இருபத்திரண்டு என்றால் எவனோ நின்று எண்ணியிருக்கிறான்.

நான் எதிர்பார்த்தது யானைக்குப் பயந்து திரும்புகிறவர்களை மட்டும்தான். யானையைப் பார்க்கக் குழந்தை குட்டியோடு கிளம்புகிறவர்கள் இவ்வளவு பேர் இருப்பார்கள் என்று நினைக்கவில்லை. இரண்டு கூட்டமும் சூளகிரியில் சந்தித்துக்கொண்டன. இருபது நிமிடத்தில் ஒன்பதாம் கேமராவில் ரோடு தெரியவில்லை, கூரைகள்தான் தெரிந்தன. ஒரு தக்காளி லாரிக்கும் ரோஜா வேனுக்கும் நடுவில் ஸ்ரீராமின் வெள்ளைக் கார். மணி ஒன்று நாற்பது. நான் சாய்ந்து உட்கார்ந்தேன்.

இரண்டு மணிக்கு அக்கா பட்டுச்சேலையோடு என் அறைக்கு வந்தாள்.

"எங்கடா நிக்கிறாங்க?"

காட்டினேன். திரையை ஒரு நிமிடம் பார்த்தாள். ஸ்கூட்டி சாவியை எடுத்தாள்.

"அக்கா, அந்த வழியில யானை இருக்கு."

"மிதிச்சா மிதிக்கட்டும்டா."

நான் அந்த இடத்தில் யானை இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. இருபத்திரண்டு யானைகளுக்கு நடுவில் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் போனாள். அவ்வளவு தூரம் அவளுக்கு இது முக்கியம் என்று எனக்கு அப்போதுதான், எப்படிச் சொல்வது, சற்று எரிச்சலாக இருந்தது.

பேரண்டப்பள்ளியில் நடந்ததை நீங்கள் படித்துக்காட்டிய புகாரிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். ரோட்டோரம் நூறு பேர் காட்டைப் பார்த்துச் செல்போனை நீட்டிக்கொண்டு நின்றார்களாம். அக்கா ஒருவரிடம், "எங்கண்ணா யானை?" என்று கேட்டாளாம். "இன்னும் வரலம்மா. வந்துரும், கேமராவுல பாத்த பையன் சொல்லிக்கிறான்" என்றாராம் அவர். அக்கா கேமராக் கம்பத்தைத் தேடியிருக்கிறாள். அங்கே ஒன்றும் இல்லை. 'கொஞ்ச நேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன், பிறகு போனேன்' என்று எழுதியிருக்கிறாள். அந்தக் கொஞ்ச நேரத்தில் மாலூர், ராயக்கோட்டை, ஒன்பது சனிக்கிழமை எல்லாவற்றையும் அவள் கூட்டிப் பார்த்திருப்பாள் என்று நினைக்கிறேன். கணக்கில் கெட்டிக்காரி.

இரண்டு நாற்பத்தாறுக்கு ஒன்பதாம் கேமராவின் மேல் ஓரத்தில் ஒரு மயில்கழுத்து நிறச் சேலை வந்தது. லாரிகளுக்கு நடுவில் நடந்து வந்தது. வெள்ளைக் காரின் கதவு திறந்தது. அந்தக் கேமராவில் சத்தம் வராது, சார், அது ஒரு குறை. ஜோதிமணி அம்மாள் இறங்கினார். அக்கா குனிந்து அவர் காலைத் தொட்டாள், நெடுஞ்சாலையில், தார் மேல். அந்த அம்மாள் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காருக்குள்ளிருந்து ஒரு பையை எடுத்தார். தக்காளி லாரி கிளீனர் இரண்டு கையையும் லுங்கியில் துடைத்துவிட்டு, கூடையோடு ஓரமாக விலகி நின்றான். இரண்டு ஐம்பத்து நான்குக்கு அந்த அம்மாள் அக்காவின் தலையில் பூ வைத்தார். குளிகைக்கு ஆறு நிமிடம் இருந்தது. சுற்றி நின்ற வண்டிகள் எல்லாம் ஒரே நேரத்தில் விளக்கைப் போட்டு அணைத்தன. ஹாரனும் அடித்திருப்பார்கள்.

பிறகு அக்கா நிமிர்ந்து கேமராவைப் பார்த்தாள். நேராக. நான் பார்த்துக்கொண்டிருப்பேன் என்று அவளுக்குத் தெரியும். கையாட்டவில்லை. திட்டுவது போலவும் இல்லை. கோடு நேராக இருக்கிறதா என்று படத்தைத் தூரத்தில் வைத்துப் பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

ஆக, நடந்ததைக் கூட்டிக் கழித்துப் பார்த்தால், அந்த ஜாம் இல்லாவிட்டால் இப்படி ஒரு பூ வைப்பு நடந்திருக்காது. பதினோராயிரம் பேரையும் திரட்டி அவள் நிச்சயத்துக்குக் கூட்டம் சேர்த்தது யார்? இதற்காக யாரும் நன்றி சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகிற இரண்டு கம்பெனியில் செகண்ட் ஷிப்ட் நின்றதற்கும், நசுங்கிய தக்காளிக்கும், இல்லாத யானைக்கும், ஏழு ஞாயிற்றுக்கிழமைகளுக்கும் நான்தான் பொறுப்பு. முந்தின ஆறை நீங்கள் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

புகாரில் அவள் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். கோபத்தில் போட்டிருப்பாள். அவள் இன்னும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று கான்ஸ்டபிள் சொன்னார். என் மேல் அக்கறை இல்லாமல் யாராவது இவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பார்களா? புகார் ரசீதில் உங்கள் கையெழுத்துக்காகக் காத்திருக்கிறாள் என்கிறீர்கள். இருக்கலாம், திம்மராயன் சார். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும்? இங்கேயா?

போட்டுவிட்டேன். ஒரே ஒரு உதவி. என் பையில் பழுப்பு அட்டை போட்ட ரெக்கார்டு நோட்டு இருக்கிறது, அதை அவளிடம் கொடுத்துவிடுங்கள். வியாழக்கிழமை சப்மிஷன், நாலு படம்தான் பாக்கி. நேற்றுத்தானே பூ வைத்திருக்கிறார்கள், கல்யாணத்துக்குள் முடித்துவிடுவாள்.